தொப்பூர் இறக்கத்தில் முதல் அரை மணி நேரம்

தருமபுரி மாவட்டத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் காவல் அதிகாரி எவரும், முதல் வாரத்திலேயே ஒரு பகலை ஒதுக்கித் தொப்பூர் கணவாயை நடந்து பார்த்துவிட வேண்டும். ஜீப்பில் போனால் கண்ணில் படாதது நடந்தால் படும். எந்த வளைவுக்குப் பின்னால் நிற்கும் வண்டி மேலிருந்து வருகிற ஓட்டுநருக்குத் தெரியாது, இரு பாதைகளுக்கும் நடுவில் உள்ள தடுப்பில் எங்கே இடைவெளி இருக்கிறது, எந்த இடத்தில் வாக்கி-டாக்கி சரியாகக் கேட்காது என்பதெல்லாம் விபத்து நடந்த இரவில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் அல்ல. இந்த மாவட்டத்தின் எல்லா அவசர நிலைகளையும் இந்த ஒரு சாலையை வைத்தே இந்த அத்தியாயத்தில் விளக்கப் போகிறேன். இங்கே எந்தச் சம்பவமானாலும் முதலில் எழும் கேள்வி, சாலை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான்.

44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக இறங்கி, தொப்பூர் மலையைக் கடந்து சேலத்துக்குப் போகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் பாதை இறக்கம், எதிர்ப்பாதை ஏற்றம். பாரம் ஏற்றிய லாரியை நியூட்ரலில் போட்டு இறக்கினால் டீசல் மிச்சம் என்ற பழக்கம் இன்னும் சாகவில்லை. கியரில் இல்லாத வண்டிக்கு என்ஜின் பிடிமானம் கிடையாது. முழுச்சுமையும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் சூடேறி, வளைவில் பிடிக்காமல் போகிறது. 2020 டிசம்பர் 12 அன்று அப்படிக் கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி முன்னால் இருந்த வாகன வரிசைக்குள் புகுந்தது. பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின, நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே கார்கள் நசுங்கித் தீப்பற்றின. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. அன்றும் நான்கு உயிர்கள் போயின.

இந்த இரண்டு நாட்களும் ஓர் உண்மையைச் சொல்கின்றன. தொப்பூரில் விபத்து நடந்து முடிந்துவிட்டது என்று நினைக்கவே கூடாது. இறக்கத்தில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகள் எல்லாம், மேலே இருந்து பிரேக் இல்லாமல் வரப்போகும் அடுத்த லாரிக்கு எதிரே நிற்கின்றன. காயம்பட்டவரைத் தூக்குகிற காவலர், 108 ஊழியர், உதவ ஓடிவந்த ஊர்க்காரர் எல்லோரும் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள். அதனால் முதல் உத்தரவு விபத்து நடந்த இடத்துக்குப் போகக்கூடாது. மேலே, பாளையம் சுங்கச்சாவடிக்குப் போக வேண்டும்: சேலம் போகும் லேன்கள் அனைத்தையும் மூடு.

சுங்கச்சாவடியை இந்த நோக்கில் பார்க்கிறவர்கள் குறைவு. கணவாய்க்கு முன்பாக, வண்டிகள் எப்படியும் நின்று போகும் இடம் அது. விளக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், கேமரா இருக்கிறது, லேனை மூடத் தடுப்பு இருக்கிறது. நெடுஞ்சாலை ரோந்து வண்டியும் கிரேனும் ஆம்புலன்ஸும் சுங்க நிறுவனத்தின் வசமே இருக்கின்றன. சாவடிப் பொறுப்பாளரின் நேரடி எண் உங்கள் கைப்பேசியில் இருக்க வேண்டும். 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைத்துக் காத்திருப்பது பொதுமக்களுக்கான வழி. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் யார் இருக்கிறார், காவல்துறை சொன்னால் எழுத்துக்குக் காத்திருக்காமல் லேனை மூடுவாரா என்பதை அமைதியான நாளில் பேசி முடித்துவிடுங்கள்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர்

முதலில் வந்து சேரும் அதிகாரிக்கு இருக்கிற சோதனை கடினமானது. காருக்குள்ளிருந்து ஒரு பெண் கத்துகிறாள். கதவு திறக்கவில்லை. மனிதனாகப் பிறந்த எவனுக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் அந்தக் கதவை இழுக்கத் தொடங்கிய நொடியில் சம்பவ இடத்தில் அதிகாரி இல்லாமல் போகிறார். ஒரு மீட்பாளர் கூடுகிறார், அவ்வளவுதான். மேலே சாலை மூடப்பட்டதா, தீயணைப்பு வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எரியும் லாரியில் என்ன சரக்கு என்று கேட்க ஆள் இல்லை. உடன் வந்த ஏட்டையும் காவலரையும் கதவுக்கு அனுப்புங்கள். நீங்கள் மைக்கோடு நில்லுங்கள். இதை மனசாட்சிக்கு விரோதமாக எண்ண வேண்டாம். அந்தப் பெண்ணைப் போல இன்னும் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும் கடமை அந்த இடத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

நிற்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தக் காட்சியும் தெரிய வேண்டும். புகை உங்கள் மேல் வரக்கூடாது. விபத்துக்கு நேர் கீழே, சரிவின் பாதையில் நிற்கக்கூடாது. ஜீப்பின் சுழல் விளக்கை எரியவிட்டு, "பொறுப்பு அதிகாரி இங்கே" என்பதற்கு அதையே அடையாளமாக்குங்கள். மற்ற காவல் வண்டிகள் நிறுத்தப்பட்டதும் தங்கள் சுழல் விளக்கை அணைத்துவிட்டால், வருகிற ஒவ்வொருவருக்கும் யாரிடம் போவது என்று கேட்க வேண்டியிருக்காது. எழுதத் தெரிந்த ஒரு காவலரைப் பக்கத்தில் நிறுத்தி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார் என்று குறிக்கச் சொல்லுங்கள். பிற்பாடு நிலையப் பொது நாட்குறிப்புக்கும், வழக்குக்கும், மேலதிகாரி கேட்கும் கேள்விக்கும் அந்தத் தாள்தான் விடை.

முதல் செய்தி கண்ட்ரோல் ரூமுக்கு ஒரே மூச்சில் போக வேண்டும். அது இப்படி இருக்கலாம்:

"தொப்பூர் இரட்டைப் பாலம், சேலம் போகும் பாதை. இரண்டு லாரி, மூன்று கார் மோதல். ஒரு லாரியில் தீ, சரக்கு இன்னும் தெரியவில்லை. காருக்குள் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள். இறக்கப் பாதை முழு அடைப்பு; ஏற்றப் பாதை திறந்திருக்கிறது. தீயணைப்பு, 108, கிரேன் தேவை. எல்லா வண்டியும் கீழே தொப்பூர் பக்கமிருந்து வரவும். பாளையம் சாவடியை மூடச் சொல்லியிருக்கிறேன், மூடப்பட்டதா என்று உறுதி செய்து சொல்லவும். சம்பவ இடப் பொறுப்பு தொப்பூர் எஸ்.ஐ."

எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இந்தச் செய்தியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலே இருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். "அய்யா, எண்ணிக்கை இன்னும் உறுதியாகவில்லை, பத்து நிமிடத்தில் சொல்கிறேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும். அவசரத்தில் சொன்ன ஒரு எண் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கினால் அதைத் திருத்துவதிலேயே உங்கள் இரவு போய்விடும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்ற ஒரு வரி உயிர் காக்கும்.

ஏன் கீழிருந்து? இறக்கப் பாதை அடைபட்டால் விபத்துக்கு மேலே வண்டிகள் நெரிந்து நிற்கும். தருமபுரியிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் அந்த வரிசையின் வாலில் சிக்கி, சைரன் அடித்துக்கொண்டு நிற்கும். விபத்துக்குக் கீழே அதே இறக்கப் பாதை காலியாகக் கிடக்கும். தொப்பூரிலும் ஓமலூரிலும் இருந்து வருபவர்கள், அடிவாரத்தில் ஒரு காவலர் நின்று வழிவிட்டால், அந்தக் காலிப் பாதையில் எதிர்த்திசையாக ஏறி நேரே சம்பவ இடத்துக்கு வந்து, காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு அப்படியே சேலம் நோக்கி இறங்கலாம். தருமபுரிப் பக்கத்து வண்டிகளுக்கு ஏற்றப் பாதையைத் தொப்பூரில் நிறுத்திவைத்து அதன் வழியாக இறங்கவிடலாம். ஆனால் கீழே ஏற்றப் பாதை உண்மையாகவே நின்றுவிட்டது என்று அங்கிருக்கும் காவலர் தன் வாயால் சொன்ன பிறகே மேலே அனுமதி தர வேண்டும். "மூடியிருப்பார்கள்" என்ற நினைப்பில் ஒரு ஆம்புலன்ஸை எதிர்த்திசையில் விடுவது இரண்டாவது விபத்தை நாமே உண்டாக்குவதாகும்.

ஒரு உத்தரவு போட்டால், அதன் மறுமுனையில் என்ன நடக்கும் என்பதற்கும் சேர்த்து உத்தரவு போட வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், வாசலில் நெரிசல் தாங்காமல் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறக்க உத்தரவிட்டது. உள்ளே நேர் எதிரே இருந்த சுரங்க வழியை மூடி, கூட்டத்தைப் பக்கவாட்டுப் பகுதிகளுக்குத் திருப்பும்படி யாரும் சொல்லவில்லை. ஏற்கனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குள் கூட்டம் பாய்ந்தது. 97 பேர் உயிரிழந்தார்கள். அன்று போட்டிக்குப் பொறுப்பாக இருந்த காவல் அதிகாரி அந்தப் பதவிக்கு மிகப் புதியவர். அந்த இடத்தை அவர் அறிந்திருக்கவில்லை. நடந்து பாருங்கள் என்று இந்த அத்தியாயத்தைத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் சாலைக்கு வருவோம். பாளையத்தில் லேனை மூடினால் சில நிமிடங்களில் வரிசை தருமபுரி நோக்கி வளரும். அதன் மறுமுனை கிருஷ்ணகிரியில் இருக்கிறது. அடைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்ததும் அண்டை மாவட்டக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, கனரக வண்டிகளை ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலத்துக்குத் திருப்பச் சொல்ல வேண்டும். அந்த வழியில் மஞ்சவாடி கணவாய் இருக்கிறது, அதுவும் மலைப்பாதைதான். திருப்பிவிடும் லாரிகளுக்கு அங்கே காவலர் இல்லாமல் திருப்பக்கூடாது. கீழ்ப்பக்கம் தீவட்டிப்பட்டி காவல் நிலையம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைக் கோடு அதிகாரிகளுக்கு உண்டு. அடைப்பில் நிற்கும் வண்டிகளுக்குக் கிடையாது. கண்ட்ரோல் ரூம் வழியாகச் சுற்றி வரட்டும் என்று விடாமல் அந்த நிலைய அதிகாரியை நேரே அழைத்துப் பேசுங்கள். கண்ட்ரோலுக்குப் பிறகு தெரிவித்துக்கொள்ளலாம்.

மேலதிகாரி வந்ததும்

ஆய்வாளர் வருவார், டி.எஸ்.பி. வருவார், எஸ்.பி. வருவார். மாவட்ட ஆட்சியரும் வரலாம். ஒவ்வொருவரும் வந்து இறங்கியதும் அருகில் நிற்பவரிடம் ஏதாவது சொல்வார்கள். அதிகாரியின் வாயிலிருந்து வருவதால் அது உத்தரவாகிவிடும். கால் மணி நேரத்தில் ஒரே சாலைக்கு நான்கு உத்தரவுகள் இருக்கும். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பதவி மரியாதை ஆழமானது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொறுப்பு பதவியோடு தானாக மாறுவதில்லை, சொல்லித்தான் மாற வேண்டும். வந்த மேலதிகாரி இரண்டில் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நீங்களே தொடருங்கள், எனக்கு என்ன வேண்டுமென்று சொல்லுங்கள்" என்று சொல்லலாம். அல்லது, நிலவரத்தை முழுதாகக் கேட்டபின், "இந்த நேரத்திலிருந்து பொறுப்பு என்னிடம்" என்று மைக்கில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லலாம். நேரத்தோடு எழுத்தரின் தாளிலும் ஏற வேண்டும்.

லண்டன் மாநகரக் காவல்துறை 1985 பிராட்வாட்டர் ஃபார்ம் கலவரத்துக்குப் பிறகு இதற்காகவே தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று அடுக்கை உருவாக்கியது. அந்தப் பெயர்கள் பதவியைக் குறிப்பவை அல்ல. அன்றைய வேலையைக் குறிப்பவை. நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட சம்பவ எதிர்கொள்ளல் முறையும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர், எஸ்.பி. அதில் உறுப்பினர். தொப்பூர் அளவில் அதைப் பிரித்தால், எஸ்.பி. தருமபுரியில் இருந்து அண்டை மாவட்டம், மருத்துவமனைகள், செய்தியாளர்கள், அரசு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதே நல்லது. சம்பவ இடத்தை டி.எஸ்.பி. நடத்தட்டும். பாளையம், இரட்டைப் பாலம், தொப்பூர் அடிவாரம் என்ற மூன்று புள்ளிகளில் மூன்று அதிகாரிகள் நிற்கட்டும். எஸ்.பி. நேரில் வந்தே ஆக வேண்டிய நாட்களும் உண்டு. அன்றும் அவர் பாலத்தின் மேல் நின்று கிரேனுக்குக் கை காட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தீயின் எல்லைக்குள் தீயணைப்பு அலுவலர் சொல்வதே சட்டம். காவல்துறை வெளிவட்டத்தைக் காக்க வேண்டும். காயம்பட்டவரில் யார் முதலில் போக வேண்டும் என்பது 108இன் மருத்துவ உதவியாளர் சொல்ல வேண்டியது. கத்துகிறவரை முதலில் ஏற்றி அனுப்புவது எல்லோரும் செய்யும் தவறு. சத்தமில்லாமல் கிடப்பவர்தான் பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருப்பார். எல்லோரையும் ஒரே மருத்துவமனைக்கு அனுப்பி அங்கே நெரிசலை உண்டாக்காமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் பிரித்து அனுப்புங்கள். யார் எங்கே போனார் என்று ஒரு காவலர் எழுதியாக வேண்டும். இரவு முழுக்க உறவினர்கள் கேட்கப்போவது அதைத்தான். தனியார் மருத்துவமனை தயங்கினால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை நினைவுபடுத்துங்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அதற்கென வகுத்த வரம்புக்குள், அரசே பணம் கொடுக்கிறது. உதவிய பொதுமக்களை நிலையத்துக்கு வரச்சொல்லி அலைக்கழிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு அவர்களைக் காக்கிறது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

டேங்கர் லாரியாக இருந்தால் மேலே சொன்ன வரிசையே மாறிவிடும். பின்புறப் பலகையில் உள்ள எண்ணையும் குறியையும் தூரத்திலிருந்தே படித்து, தீயணைப்புத் துறைக்குச் சொல்வது முதல் வேலை. அருகே போவது அதற்குப் பிறகு. 2012 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் எரிவாயு டேங்கர் வெடித்து 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அன்று கோயம்புத்தூரில், அவினாசி சாலை மேம்பாலத்தில் அதே போன்ற ஒரு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. பாலத்தை மூடினார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை. தொப்பூரில் பள்ளிகள் பக்கத்தில் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கும் லாரிகளில் ஓட்டுநர்கள் அடுப்பைப் பற்றவைத்துச் சமைக்கத் தொடங்குவார்கள். முதலில் ஆள் அனுப்ப வேண்டியது அங்கே.

ரயில் விபத்து பற்றிச் சுருக்கமாக. 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறைகள் விழுந்து கண்ணூர் – யஸ்வந்த்பூர் விரைவு ரயில் தடம் புரண்டது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அந்த இருப்புப்பாதை பெங்களூரு கோட்டத்தின் கீழ் வருகிறது, சேலத்தின் கீழ் அல்ல. யாரை அழைப்பது என்பதை இப்போதே எழுதி நிலையச் சுவரில் ஒட்டிவையுங்கள். தண்டவாளத்தின் மேல் அதிகாரம் ரயில்வேக்கு. நெடுஞ்சாலையிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் வழியைக் கண்டுபிடித்து, வெளிச்சம் கொடுத்து, பேருந்துகளை அங்கே கொண்டு வந்து நிறுத்துவது நம் வேலை.

சாலையைக் கூட்டம் மூடினால்

இதுவரை சொன்னதில் சாலையை நாம் மூடினோம். எதிரி மூடினால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் 2012 நவம்பர் 7 அன்று பார்த்தது. நாயக்கன்கொட்டாய் அருகே, சாதி கடந்த ஒரு திருமணத்தை அடுத்து மணப்பெண்ணின் தந்தை இறந்த செய்தி பரவியது. கூட்டம் திரண்டது. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தருமபுரி – திருப்பத்தூர் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். காவலரும் தீயணைப்பு வண்டியும் அந்த மரங்களுக்கு இந்தப் பக்கம் நின்ற நேரத்தில் அந்தப் பக்கம் மக்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே நேரம் தொடங்கும் இடம் வேறு. முதல் தீ எரிந்தபோது தொடங்குவதாக எண்ணினால் நாம் ஏற்கனவே தோற்றுவிட்டோம். இறப்புச் செய்தி வந்த கணமே, தாக்கப்படக்கூடிய குடியிருப்புக்குள் காவலர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாலைச் சந்திப்பில் நிற்கும் ஐம்பது பேரைவிட ஊருக்குள் முன்கூட்டியே நிற்கும் பதினைந்து பேர் மேல். ஆயுதப்படை வண்டிகளை ஒரே வழியில் அனுப்பாமல் இரண்டு வழிகளில் அனுப்புங்கள். முன்வண்டியில் மரம் அறுக்கும் இயந்திரமும், பின்னால் ஒரு ஜே.சி.பி.யும் போகட்டும், தீயணைப்பு வண்டியைப் படைக்கு நடுவில் வைத்து அழைத்துப் போக வேண்டும், தனியாக அனுப்பக்கூடாது. தனிப்பிரிவுக் காவலர் காலையில் சொன்ன தகவல் யார் மேசைக்குப் போனது, எப்போது போனது, என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் குடியிருப்பின் பெரியவர் ஒருவரின் கைப்பேசி எண் நிலையத்தில் இல்லை என்றால் அந்த நிலையம் தன் எல்லையைப் பாதிதான் அறிந்திருக்கிறது.

நாள் முன்பே தெரிந்த ஆபத்துகளும் உண்டு. 2000 பிப்ரவரி 2 அன்று சென்னை நீதிமன்றம் ஒன்றில் தீர்ப்பு வந்தது; அதன் எதிரொலியாகத் தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து கொளுத்தப்பட்டு மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். தீர்ப்பு நாள் நாட்காட்டியில் இருக்கிறது. அந்தப் பேருந்தில் இருந்தவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய நாட்களில் மாவட்ட எல்லைக்குள் வரும் கல்விச் சுற்றுலாப் பேருந்துகளை நெடுஞ்சாலை ரோந்து கண்டதும் நிறுத்தி, ஒரு காவல் நிலைய வளாகத்திலோ ஆயுதப்படை மைதானத்திலோ பத்திரமாக வைத்திருக்க அதிகாரம் கொடுத்து, காலையிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். பயணம் தாமதமாகும், புகார் வரும், பரவாயில்லை.

திறக்கும் முன்

மீண்டும் இரட்டைப் பாலம். உடல்கள் எடுக்கப்பட்டுவிட்டன, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி விசாரணை தொடங்கிவிட்டது, படங்கள் எடுத்தாயிற்று. நம் ஆட்களின் கைப்பேசியிலிருந்து இறந்தவர் முகம் எந்தக் குழுவுக்கும் போகவில்லை என்று உறுதி செய்தாயிற்று. கிரேன் கடைசி லாரியை ஓரம் கட்டிவிட்டது. எல்லோரும் களைத்திருப்பார்கள், சாலையைத் திறந்துவிடும் அவசரம் மேலே கீழே எல்லோருக்கும் இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் கவனம் நழுவும்.

சாலையில் டீசலும் எண்ணெயும் சிந்தியிருக்கும். மணல் போடாமல் ஒரு வண்டியும் இறங்கக்கூடாது. பாளையத்தில் நிற்கும் வரிசையை ஒரே நேரத்தில் விட்டால், மணிக்கணக்காகக் காத்திருந்த ஓட்டுநர்கள் இழந்த நேரத்தைப் பிடிக்க வேகமாக இறங்குவார்கள். முதலில் ஆம்புலன்ஸ், பேருந்து, பிறகு கார்கள். கனரக வண்டிகளைக் கடைசியாகச் சிறு தொகுதிகளாக, ரோந்து வண்டி முன்னால் மெதுவாகப் போக, அதன் பின்னால் விட வேண்டும். ஒவ்வொரு லாரி ஓட்டுநரிடமும் சாவடியில் நிற்கும் காவலர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "அண்ணே, கியர்ல எறக்குங்க, நியூட்ரல் போடாதீங்க." கடைசித் தொகுதி அடிவாரத்தைத் தாண்டியதைத் தொப்பூரில் நிற்கும் காவலர் மைக்கில் சொன்ன பிறகு, கிருஷ்ணகிரிக்கும் தீவட்டிப்பட்டிக்கும் திருப்பிவிடலை நிறுத்தச் சொல்லி, பொறுப்பு முடிந்த நேரத்தை எழுத்தரின் தாளில் குறித்துக் கையெழுத்திடுங்கள். ஒரு வாரத்துக்குள் சாவடிப் பொறுப்பாளர், 108, தீயணைப்பு, தீவட்டிப்பட்டி நிலையம் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசியுங்கள்.